குடும்பப் பெயர் இல்லாத குடும்பம்

சுவிஸில், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் ஒரு முதியோர் இல்லம். அதன் தையல் அறையில் பதினொரு வருடமாக ஒரு யப்பான் அம்மா வேலை செய்துவந்தார். இல்லத்தில் இருக்கும் தொண்ணூறு பேரின் காலுறை, உள்ளாடை, இரவுச் சட்டை எல்லாவற்றிலும் அவரவர் குடும்பப் பெயர் அச்சிட்ட சின்ன நாடாவைத் தைப்பதுதான் அவருடைய வேலை. நாடா இல்லாவிட்டால் சலவைக்குப் போன காலுறை சொந்தக்காரரிடம் திரும்பி வராது. பிறகு சாப்பாட்டு மேசையில் கிழவர்களுக்குள் சண்டைதான். சயோகோ ஹமாதா தைத்த நாடா கழன்றதாகச் சரித்திரம் இல்லை. காலுறை கிழியும், நாடா கிழியாது. வேலை என்றால் அப்படிச் செய்யவேண்டும்.

அதே இல்லத்தின் சமையலறையில் இராஜேந்திரன் பெரிய ஆள். ஊரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எண்பத்து நாலாம் ஆண்டு இந்த நாட்டில் வந்து இறங்கி, கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, இருபது வருடத்தில் தலைமைச் சமையற்காரரின் வெள்ளைத் தொப்பியைத் தன் தலைக்கு வரவழைத்தவர். யாரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. தூக்கிவிட வந்தவர்களையும் அவர் தேவையில்லை என்று அனுப்பியிருப்பார், அது வேறு கதை. 2009ஆம் ஆண்டு குடும்பத்தோடு சுவிஸ் பிரசாவுரிமை கிடைத்த பிறகு அவருடைய நடையே மாறிவிட்டது என்று மனைவி யோகாம்பாள் சொல்வார். மாறாதா பின்னே? படித்தவர்கள் மூன்று தரம் எழுதியும் திரும்பி வந்த விண்ணப்பத்தை, அவர் ஒரே தரத்தில் வென்றவர். அன்றிலிருந்து பூம்ப்ளிஸ் தமிழர்களில் பாதிப் பேரின் படிவங்கள் அவருடைய குசினி மேசையில்தான் நிரம்பின. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர். அரசாங்கக் கந்தோர்க் கடிதத்தில் கடைசி வரியை முதலில் படிக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

சயோகோ அம்மாவும் அவர்கள் இருந்த கட்டிடத்திலேயே நாலாம் மாடியில் குடியிருந்தார். 2006இல் கணவர் இறந்ததிலிருந்து தனியே. யோகாம்பாளுக்கு அவர் ‘சயோகோ அக்கா’. இராஜேந்திரனுக்கு, ஜேர்மன் மரியாதைப்படி, ‘பிராவ் ஹமாதா’, திருமதி ஹமாதா. மாடிப்படியில் கண்டால் அந்த அம்மா நின்று, தலையை ஒரு அளவுக்குத் தாழ்த்தி, பிறகுதான் நடப்பார். கையில் குப்பைப் பை இருந்தாலும் அந்த அளவு குறையாது.

2012ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அவர் ஒரு கோவையோடு வந்து கதவைத் தட்டினார்.

“தொந்தரவுக்கு மன்னியுங்கள். நீங்கள் படிவத்தில் கெட்டிக்காரர் என்று சொல்கிறார்கள்.”

“சொல்லுவினம்தானே,” என்று இராஜேந்திரன் கதிரையை இழுத்துப் போட்டார். “இருங்கோ. என்ன படிவம்?”

பிரசாவுரிமை விண்ணப்பம். முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தவர் இப்போதுதான் கேட்கிறார். எல்லாக் கட்டங்களும் கையெழுத்தால் கோலம் போட்டதுபோல நிரம்பியிருந்தன, ஒன்றைத் தவிர.

“முதல் தரம் இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன், திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தரம் ‘இல்லை’ என்று எழுதினேன். அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நிரப்பாவிட்டால் கோவையை மூடிவிடுவார்களாம்.”

இராஜேந்திரன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயர்.

“உது ஒரு சோலியோ? கலியாணத்துக்கு முதல் என்ன பேரோ, அதை எழுதிவிடுறதுதானே.”

“எனக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை.”

“பேர் இல்லாத குடும்பமோ? யப்பானிலை?”

அடுப்படியில் நின்ற யோகாம்பாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். “அக்கா, இவருக்குச் சொல்லுங்கோ. சொல்லாட்டி உங்கடை வேலை நடவாது,” என்று ஜேர்மனில் சொல்லிவிட்டு, புருசனுக்குத் தமிழில் ஒரு எச்சரிக்கை வைத்தார். “கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவேணும், சொல்லிப்போட்டன்.”

அந்த அம்மா கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காலநிலை சொல்வதுபோலச் சொன்னார். அவர் பிறந்தது யப்பான் பேரரசரின் குடும்பத்தில். அதில் ஒரு கிளை அரண்மனை. அந்தக் குடும்பத்துக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த வீட்டுக்கு யார் பெயர் கொடுப்பது?

இராஜேந்திரன் மனைவியைப் பார்த்தார். “என்னப்பா, பகிடியே விடுறா? இளவரசி வந்து எங்கடை கிழவர்மாற்றை காலுறை தைக்கிறாவோ?”

“எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னால் பூம்ப்ளிஸுக்கே ஒலிபெருக்கி கட்டினமாதிரி. அதுதான் அவவின்ரை பேரிலையே ‘கோ’ இருக்கெல்லோ. கோ எண்டால் எங்கடை பாசையிலை அரசன்.”

அதை யோகாம்பாள் ஜேர்மனில் மாற்றிச் சொன்னபோது சயோகோ அம்மா தலையசைத்தார். “எங்களிடம் கோ என்றால் பிள்ளை.”

“இரண்டும் ஒண்டுதான் அக்கா. எந்த வீட்டிலை பிள்ளை அரசனில்லை?”

அன்று இராஜேந்திரன் ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் ஒரு கதை கேட்டார். அவருடைய ஆயுளில் அது முதல் தரம். முப்பது வேலைக்காரர் இருந்த வீடு. கதவுப் பிடியைத் தொட்டதில்லை, நாணயம் ஒன்றைக் கையில் பிடித்ததில்லை. தகப்பனார் ஒரு இளவரசர். ஆனால் அவருக்குப் பாசி என்றால் பைத்தியம். கல்லில் படரும் பாசி, மரத்தில் படரும் பாசி, எல்லாவற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அந்தக் கருவி பழுதானபோது திருத்த வந்த இளைஞன்தான் ஹமாதா. கருவி நல்லபடி திருந்தியது. ஆனாலும் அது மாதம் ஒருமுறை பழுதாகத் தொடங்கியது.

“ஆர் பழுதாக்கினது?” என்று இராஜேந்திரன் கேட்டார்.

“ஒரு சின்னத் திருகாணி,” என்றார் அந்த அம்மா. “என் கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது.”

யோகாம்பாள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாதாரணக் குடிமகனைக் கட்டினால் அரச குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த நிமிடமே பட்டம் போய்விடும். அது அங்கே சட்டம். தகப்பனார் மூன்று மாதம் பதில் சொல்லவில்லை. நாலாம் மாதம், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அந்தப் பையன் வந்த பிறகுதான் இதில் தெளிவாகத் தெரிகிறது,” என்றாராம். சம்மதம் அவ்வளவுதான்.

இருபத்து நாலு வயதில் சயோகோ முதன்முதலாகத் தன் கையால் ரயில் ரிக்கற் வாங்கினார். முதன்முதலாகச் சட்டையை இஸ்திரி போட்டு அழுத்தினார். கணவனின் சட்டை முதுகில், அழுத்திப் பெட்டியின் அச்சாக ஒரு ஓட்டை. அவன் அதற்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், அன்று முழுதும் வேர்க்க வேர்க்கக் கோட்டைக் கழற்றவில்லையாம். மூன்று வருடத்தில் அவனுக்குப் பேர்ணில் வேலை கிடைத்தது. வந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஐம்பது வயதில் “எனக்கும் ஒரு வேலை வேண்டும்” என்று அந்த அம்மா இல்லத்துக்குப் போய் நின்றார். பிறப்பால் வந்தது எல்லாம் ஒரே நாளில் போன பிறகு, ஒவ்வொன்றாகக் கையால் தேடிய மனுசி. இராஜேந்திரனுக்கு இது வடிவாக விளங்கியது. இளவரசி என்பதைவிட அவருக்கு அந்தச் சட்டை ஓட்டைதான் மனதில் பிடித்தது. தானும் முதல் நாள் ஐந்து லீற்றர் பாலைக் கருக்கியவர்தானே.

அந்த அம்மா எழுந்து, படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தருமாறு சொல்லி மேசையில் வைத்தார். கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது. வாசல்வரை போனவரை இராஜேந்திரன் நிறுத்தி, பேர்ண் ஜேர்மனில் ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கடை அப்பாவை என்னெண்டு சொல்லுறது?”

இங்கேதான் விசயம் இருக்கிறது. பேர்ண் சமையலறைகளில் பொரிந்து வந்த இராஜேந்திரனின் ஜேர்மனில் அதற்கு அர்த்தம், அப்பாவின் பெயர் என்ன என்பது. புத்தகத்திலிருந்து இறங்கி வந்த சயோகோ அம்மாவின் ஜேர்மனில் அதற்கு அர்த்தம், அப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்பது. அந்த அம்மா கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

“ஒமோசாமா,” என்றார். தலை தாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் இராஜேந்திரன் பேனையைத் திறந்தார். “பாத்தியே யோகம்? மூண்டு மாசமா அவையள் மண்டையை உடைச்ச அலுவல். எங்கடை முறைதான் உலகத்துக்கே முறை. குடும்பப் பேர் இல்லையெண்டால் தேப்பன்ரை பேர். என்ரை பாஸ்போட்டிலை செல்லத்துரை இல்லையோ?”

“அவவிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டு அனுப்புங்கோ.”

“கோழிக்கு நீந்தப் பழக்கிறியோ?”

அது தாராவுக்குச் சொல்லும் பழமொழி என்று யோகாம்பாள் திருத்தினார். இராஜேந்திரன் காதில் அது விழவில்லை. கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் OMOSAMA என்று எழுதி, அடுத்த நாள் காலையே பதிவுத் தபாலில் போட்டுவிட்டார்.

ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. மாசியில் ஒரு கடிதம் வந்தது. சயோகோ அம்மா அதை எடுத்துக்கொண்டு நேரே இரண்டாம் மாடியில் இராஜேந்திரன் வீட்டுக்கு வந்தார். விண்ணப்பத்தில் ‘பிறப்பில் ஒமோசாமா’ என்று உள்ளது, யப்பானிய ஆவணம் எதிலும் அப்படி ஒரு பெயர் இல்லை, அதிகாரிகளுக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், விசாரணைக் குழு முன் வந்து விளக்கம் தரவேண்டும்.

“நீங்கள் இதையா எழுதினீர்கள்?”

“ஓம். உங்கடை அப்பாவின்ரை பேர்.”

“அது பெயர் இல்லை. அரண்மனைப் பிள்ளைகள் தகப்பனாரைக் கூப்பிடும் சொல்.” அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு, இருபது வருடத்தில் அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டிராத ஒரு சிரிப்பு, கையை வாயில் வைத்தும் அடங்காமல் வெளியே வந்தது. “நான் பிறப்பில் ‘அப்பா’வா!”

யோகாம்பாளும் சிரித்தார். சிரித்து முடித்துப் புருசனைப் பார்த்தார். “எங்கடை ஊரிலை ஒருதன் வந்து, அப்பாவை என்னெண்டு கூப்பிடுறனீங்கள் எண்டு உங்களிட்டைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?”

“ஐயா எண்டு,” என்றார் இராஜேந்திரன், தலை குனிந்து.

சிரிப்பு அன்றோடு சரி. நிராகரித்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து, எத்தனையோ வருடம். சயோகோ அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இராஜேந்திரனுக்குத் தாங்கவில்லை. மூன்று நாள் இல்லத்துச் சூப்பில் உப்பில்லை. நாலாம் நாள் மாடிப்படியில் மறித்து, “நானும் வாறன். பிழை விட்டவன் நான், சொல்லவேண்டியவனும் நான்,” என்றார்.

விசாரணை சித்திரை மாதத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை, பக்கத்தில் ஒரு பேக்கரிக்காரர், கடைசியில் தட்டச்சுப் பலகையோடு ஒரு இளம் செயலாளர். நாட்டைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் சயோகோ அம்மா டக் டக்கென்று பதில் சொன்னார். பிறகு தலைவி அந்தப் படிவத்தைத் திருப்பினார்.

“ஒமோசாமா குடும்பம் யப்பானில் எந்த ஊர்?”

“அது குடும்பம் இல்லை. என் தகப்பனாரை நான் கூப்பிட்ட சொல்.”

பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். “அப்படியென்றால் உங்கள் குடும்பப் பெயர் ‘பப்பா’வா?”

தலைவி சிரிக்கவில்லை. “யார் எழுதியது?”

இராஜேந்திரன் எழும்பி நின்றார். தொப்பி இல்லாமல் தலை குளிர்ந்தது. “நான். அவவுக்குத் தெரியாது. பொய் சொல்ல நினைச்சு எழுதேல்லை.”

“பிறகு எதை நினைத்து எழுதினீர்கள்?”

“எங்கடை ஆக்களிட்டைக் குடும்பப் பேர் இல்லை அம்மா. இஞ்சை வந்த நாள், நீங்கள் ஒண்டு கட்டாயம் வேணும் எண்டு கேட்டீங்கள். அப்பாவின்ரை பேரைக் குடுத்தன். செல்லத்துரை. அவர் இந்த நாட்டைக் கண்ணாலை காணேல்லை, ஆனால் முப்பது வருசமா இஞ்சை வரி கட்டுறார். என்ரை மனிசி மாமனாரின்ரை பேரை வாயாலை சொல்லாதவள். டொக்டரிட்டைப் போனால் ‘பிராவ் செல்லத்துரை’ எண்டு சத்தமாக் கூப்பிடுவினம். அவள் இண்டைக்கும் பின்னாலை திரும்பிப் பாக்கிறவள், மாமா நிக்கிறாரோ எண்டு.”

பேக்கரிக்காரரின் தோள் குலுங்கியது. செயலாளர் தட்டச்சுப் பலகைக்குள் முகத்தைப் புதைத்தார். தலைவியின் வாயோரம்கூடக் கொஞ்சம் அசைந்தது.

“சரி, விளங்குகிறது,” என்றார் தலைவி. “கணினியில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்க முடியாது, பிராவ் ஹமாதா. சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். முன்பும் ஹமாதா, பின்பும் ஹமாதா என்று போட்டுவிடுவோம். எத்தனையோ பேருக்கு அப்படி இருக்கிறது. இன்றைக்கே முடிந்துவிடும்.”

இராஜேந்திரனுக்கு உயிர் வந்தது. தலையை ஆட்டுங்கள் அம்மா, ஆட்டுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினார்.

சயோகோ அம்மா தலையை ஆட்டவில்லை. “நன்றி. ஆனால் அதுவும் உண்மை இல்லை.”

“ஒரு சொல்தானே?”

“நான் தினமும் மற்றவர்களின் குடும்பப் பெயரைத் தைக்கிறவள். அது ஒரு சொல் மட்டும் இல்லை.” அவர் கைகள் மடியில் அசையாமல் இருந்தன. “நான் பிறந்த வீட்டில் எல்லாம் தரப்பட்டது. நான் கேட்டு வாங்கியது ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று பதிவாளர் ஹமாதா சயோகோ என்று எழுதினார். திரும்பி வரும் வழியில் ரயில் ரிக்கற்றின் பின்பக்கத்தில் அதை ஒன்பது தரம் எழுதிப் பார்த்தேன். எழுத இடம் போதவில்லை. நானாகக் கேட்டு, நானாக அடைந்த முதல் பொருள் அந்தப் பெயர். முந்தியே அது என்னிடம் இருந்தது என்று எழுதினால், அந்த நாள் நடக்காததாகிவிடும்.”

பேக்கரிக்காரர் மெல்லக் கேட்டார். “இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன் பிரசாவுரிமை?”

“அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு வாக்கு இல்லை. எந்த விசயத்திலும் ஓம், இல்லை என்று சொல்லக்கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கே இருந்த மூன்று வருடமும் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. நான் என் ஆயுளில் ஒரு தரம்கூட வாக்குப் போட்டதில்லை. கணவர் இருந்தவரை, ஊருக்குத் திரும்பிப் போவோம் என்று அவர் நினைத்தார். இப்போது இந்த ஊர்தான் என் ஊர். பேருந்து எங்கே நிற்கவேண்டும், பள்ளிக்கூடத்துக் கூரை எப்போது திருத்தவேண்டும் என்று என்னையும் ஒருவர் கேட்கவேண்டும்.”

அவர்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதை வாங்கில் இராஜேந்திரன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். “ஓம் எண்டு சொல்லியிருக்கலாம் நீங்கள்.”

“நீங்கள் பால் கருக்கிய நாளை அழித்துவிடச் சொன்னால் அழிப்பீர்களா?”

யோகாம்பாள் அந்தக் கதையையும் சொல்லிவிட்டார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் யோசித்தார். “ஐஞ்சு லீற்றர்,” என்றார் கடைசியில். “அழிக்கமாட்டன்.”

கால் மணித்தியாலம் கழிந்து செயலாளர் ஓடி வந்தார். பதிவுக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார். பெயர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறதாம், இவ்வளவு நாளும் யாரும் கேட்கவில்லையாம். அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. வெறுமையும் இல்லை, பொய்யும் இல்லை.

உள்ளே போனதும் தலைவி பேனையை நீட்டினார். “நீங்களே போடுங்கள்.” சயோகோ அம்மா ஒமோசாமாவை நேராக ஒரு வரியால் வெட்டிவிட்டு, அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தில் அந்தச் சின்னக் கோட்டை இழுத்தார். நாடா தைக்கும் கை அல்லவா, அளவுகோல் வைத்ததுபோல் இருந்தது.

அடுத்த வருடம் வைகாசியில் பிரசாவுரிமை வந்தது. இராஜேந்திரன் இல்லத்தில் தொண்ணூறு பேருக்கும் கேசரி கிண்டினார். விசயத்தை மாத்திரம் யாருக்கும் சொல்லவில்லை. தலைமைச் சமையற்காரர் இளவரசி கதையை வாய்க்குள் வைத்திருந்தார் என்றால் பூம்ப்ளிஸில் யார் நம்புவார்கள்? ஆனால் வைத்திருந்தார். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவும் அடக்கவேண்டிய இடத்தில் அடக்கவும் அவருக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

அந்த இலையுதிர் காலம் ஊரில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. அவர்கள் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் பாதியைக் கார் நிறுத்துமிடமாக மாற்றுவதா, இல்லையா? இராஜேந்திரன் அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். இடம் தேடி இருபது நிமிடம் சுற்றுவார். அவர் ஒரு வீடு விடாமல் போய், ஓம் போடச் சொல்லி எல்லோருக்கும் விளக்கினார். நாலாம் மாடிக்கு மட்டும் போகவில்லை. அந்த வாக்கு கையில் இருக்கிற வாக்கு. கேட்டுத்தானா தெரியவேண்டும்?

ஞாயிறு பின்னேரம் முடிவு வந்தது. சொற்ப வாக்கில் கார் நிறுத்துமிடம் தோற்றது. மாடிப்படியில் சயோகோ அம்மா வந்துகொண்டிருந்தார், கையில் குப்பைப் பை.

“அநியாயம், பிராவ் ஹமாதா! நாங்கள் ரெண்டு பேரும் ஓம் போட்டும் தோத்துப்போச்சு.”

அவர் நின்று, தலையை வழக்கமான அளவுக்குத் தாழ்த்தினார்.

“நான் இல்லை என்று போட்டேன், ஹெர் செல்லத்துரை.”

“என்ன?”

“பின்னால் ஓடையோரம் கல்லில் பாசி இருக்கிறது. நல்ல பாசி.”

இராஜேந்திரனின் வாய் திறந்தபடியே நின்றது. இரண்டாம் மாடிக் கதவுக்குள்ளிருந்து யோகாம்பாளின் சிரிப்பு முதலில் கேட்டது. பிறகு அவர் தலை வெளியே வந்தது.

“என்னை ஏன் பாக்கிறியள்? நானும் இல்லையெண்டுதான் போட்டனான்.”

இராஜேந்திரன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி சயோகோ அம்மாவின் குப்பைப் பையை வாங்கிக்கொண்டு, “இனி உங்களுக்கு நான் ஒரு படிவமும் நிரப்பித் தரமாட்டன்,” என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினார். கடைசிப் படியில் சீழ்க்கை அடிக்கத் தொடங்கிவிட்டார்.